லட்சத்துக்கு 44 பேர்: பஞ்சாபில் அல்சரேட்டிவ் கொலைடிஸை எண்ணிய கதை

இந்தியாவில் அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய்) எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற பேச்சு வந்தால் சுற்றிச் சுற்றி ஒரே எண்தான் வந்து நிற்கும்: லட்சத்துக்கு 44.3. மருத்துவக் கருத்தரங்கு, ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தி, நோயாளிகளுக்கான கையேடு என எங்கு பார்த்தாலும் அது இருக்கும். தசமப் புள்ளியோடு இருப்பதால் யாரோ துல்லியமாக அளந்து சொன்ன மாதிரி ஒரு நம்பிக்கையும் வந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நோயாளிகள் மொத்தம் 23 பேர்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி நடந்த மிக நேர்மையான கணக்கெடுப்புகளில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. ஆனால் அந்த 23 எப்படிக் கிடைத்தது, எதை விட்டுவிட்டுக் கிடைத்தது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

ஆய்வு நடந்த இடம் பஞ்சாப். செய்தவர்கள் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அஜித் சூட், வந்தனா மிதா முதலானோர். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்தார்கள். ஒரு வருடம் கழித்து அதே பகுதிகளுக்குத் திரும்பப் போனார்கள். முடிவுகள் 2003இல் 'கட்' என்ற பிரிட்டிஷ் இரைப்பை குடலியல் இதழில் வந்தன.

அதற்கு முன் நிலைமை என்ன? குடல் அழற்சி நோய் (அல்சரேட்டிவ் கொலைடிஸும் குரோன் நோயும் சேர்ந்ததுதான் இந்தப் பெயர்) ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரும் நோய், நம் பக்கம் அரிது என்பதே நெடுங்காலம் பாடப்புத்தகச் சொல்லாக இருந்தது. நம் ஊரில் மலத்தில் ரத்தம் என்றால் டாக்டருக்கு முதலில் தோன்றுவது சீதபேதி, அமீபா. அமீபாவுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். நோயாளிக்கு முதலில் தோன்றுவது மூலம். கடைவீதிச் சுவர்களில் எழுதியிருக்கும் மூலம், பௌத்திரம் விளம்பரங்களை நம்பிப் போவார். வடக்கே அதே விளம்பரம் 'பவாசீர்' என்று இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அல்சரேட்டிவ் கொலைடிஸின் குணம் என்னவென்றால் அது கொஞ்ச நாள் பொங்கும், கொஞ்ச நாள் தானாகவே அடங்கும். அடங்குகிற நேரத்தில் எந்த மாத்திரை வயிற்றில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். இப்படி வருடக்கணக்கில் யாருடைய கணக்கிலும் ஏறாமல் ஒருவர் நோயோடு இருக்க முடியும்.

ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணினால், நோய் இருப்பவர்கள் கிடைக்க மாட்டார்கள். நோய் இருந்து, அது இன்னதென்று தெரிந்து, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். லூதியானாக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போனது இதனால்தான். அவர்களுக்கு முன்பே 1980களில் ஹரியானாவில் ஒரு கணக்கெடுப்பு நடந்து, லட்சத்துக்கு 42.8 என்று வந்திருந்தது. அதற்கு மேல் இந்தியாவில் மக்களிடையே போய் எண்ணிய தரவு பெரிதாக எதுவும் இல்லை. புதிதாக வருடத்துக்கு எத்தனை பேருக்கு வருகிறது என்ற கேள்விக்கு ஹரியானா ஆய்விலும் பதில் கிடையாது.

ஏன் ஒரு நோயை மட்டும்?

ஆய்வின் தலைப்பிலேயே குரோன் நோய் இல்லை, அல்சரேட்டிவ் கொலைடிஸ் மட்டும்தான். இதைக் கவனிக்காமல் "இந்தியாவில் குடல் அழற்சி நோய் லட்சத்துக்கு 44" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. குரோன் நோயாளிகள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

காரணம் நோயின் உடற்கூறு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் மலக்குடலில் ஆரம்பித்து இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் போகும். ஆகவே ஆசனவாய் வழியாகக் கொஞ்ச தூரம் குழாயை விட்டுப் பார்த்தாலே அநேகமாக எல்லாரிடமும் அகப்பட்டுவிடும். சிக்மாய்டோஸ்கோப்பி போதும், ஒரு எனிமா கொடுத்துவிட்டு மயக்கம்கூட இல்லாமல் செய்யலாம். குரோன் அப்படியில்லை. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். அங்கே எட்டிப் பார்க்கப் பெருங்குடல் முழுக்கக் குழாய் விடும் கொலோனோஸ்கோப்பி வேண்டும், முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். போதாக்குறைக்கு நம் நாட்டில் குடல் காசநோயும் அதே இடத்தைத்தான் பிடிக்கும், பார்ப்பதற்கும் அதே மாதிரி இருக்கும். பெரிய மருத்துவமனைகளிலேயே பிரித்துச் சொல்ல முடியாமல், சில மாதம் டிபி மருந்து கொடுத்துப் பார்த்து, குணமாகவில்லை என்ற பிறகுதான் குரோன் என்ற முடிவுக்கு வருவதுண்டு. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் இதைச் செய்வது நடக்கிற காரியமில்லை. எண்ண முடிந்ததை மட்டும் எண்ணுவோம் என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். எனக்கு இந்த ஆய்வில் முதலில் பிடித்த விஷயமே இந்த எல்லைதான்.

51,910 பேர், 147 பேர், 23 பேர்

முறை இரண்டு கட்டம். பயிற்சி பெற்ற குழு வீடுகளுக்குப் போய், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு இருக்கிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்பது முதல் கட்டம். சந்தேகத்துக்கு இடமானவர்களுக்கு வீடியோ சிக்மாய்டோஸ்கோப்பியோ கொலோனோஸ்கோப்பியோ செய்து, மலக்குடலில் இருந்து சதைத்துணுக்கு எடுத்து பயாப்சி பார்ப்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் சந்தேகத்துக்குரியவர்களாகத் தேறியது 147 பேர். இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு உறுதியானது 23.

இரண்டாம் கட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய கேள்வி இல்லை. குழாய் வழியே பார்க்கும்போது ஆரோக்கியமான மலக்குடல் வழவழப்பாக இருக்கும், மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து ஓடுவது தெரியும். கொலைடிஸ் வந்த குடலில் அந்தக் கிளைகள் மறைந்துபோகும். பரப்பு சொரசொரப்பாகச் சிவந்து, குழாயின் நுனி பட்டாலே ரத்தம் கசியும். பயாப்சியில் குடல் சுரப்பிகள் வரிசை கெட்டு, கோணலாகவும் கிளை விட்டும் கிடக்கும். நீண்ட நாள் அழற்சி இருந்தால்தான் இந்தக் கோணல் வரும், நாலு நாள் கிருமித் தொற்றில் வராது. அமீபா என்றால் ரத்த சிவப்பணுக்களை விழுங்கிய அமீபாவே கண்ணில் படலாம். காசநோய் என்றால் கிரானுலோமா என்ற சின்னச் சின்ன செல் முடிச்சுகள் தெரியலாம். ஆகவே கண்ணால் பார்த்ததும் நுண்ணோக்கியில் பார்த்ததும் ஒத்துப்போன பிறகு அந்த 23 பேருக்கும் கொலைடிஸ்தான் என்று நம்பலாம். மீதி 124 பேரைக் கழித்துக் கட்டியதில்தான் இந்த ஆய்வின் உழைப்பே இருக்கிறது. வெறும் கேள்வித்தாளோடு நிறுத்தியிருந்தால் விகிதம் லட்சத்துக்கு 283 என்று வந்திருக்கும். உண்மையைப் போல ஆறு மடங்கு.

சிக்கல் முதல் கட்டத்தில். 51,910 பேரில் 147 என்றால் ஏறக்குறைய 353 பேருக்கு ஒருவர். நீண்ட நாள் வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ 353 பேரில் ஒருவருக்குத்தானா? மூலத்தால் ரத்தம் போகிறவர்களை மட்டும் எடுத்தாலே ஒரு தெருவுக்கு ஒருவராவது இருப்பாரே. கேள்வியை நன்றாக இறுக்கிக் கேட்டு மூலக்காரர்களை அங்கேயே வடிகட்டியிருக்கலாம். அல்லது ஆட்கள் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு காரணம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு முன்பின் தெரியாத ஆட்கள் கையில் தாளோடு வருகிறார்கள். முன்னறையில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார். அந்த இடத்தில் "உங்களுக்கு மலத்தில் ரத்தம் போகிறதா" என்று கேட்டால், கல்யாணமாகி ஆறு மாதம் ஆன மருமகள் ஆமாம் என்பாளா? கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் அம்மா, "என் பொண்ணுக்கு இருக்கு" என்று சொல்லுவாரா? அதோடு இம்மாதிரி கணக்கெடுப்புகளில் வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்வது சகஜம். வேலைக்குப் போயிருக்கும் மகனுக்கு வயிற்றில் என்ன தொந்தரவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்த நோய் அதிகம் பிடிப்பது இருபது முதல் நாற்பது வயது ஆட்களை. பகலில் வீட்டில் இல்லாதவர்களும் வாய் திறக்கத் தயங்குகிறவர்களும் அதே வயதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோய் உள்ளவர்களில் கால்வாசிப் பேர் முதல் கட்டத்தில் பிடிபடவில்லை என்று வைத்துக்கொண்டால், 44 என்பது 59 ஆகிவிடும். பாதிப் பேர் என்றால் 88க்கு மேல். சல்லடையின் இரண்டாம் தட்டு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் முதல் தட்டில் விழாததை அது பிடிக்காது. ஆகவே 44.3 என்பதைக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று படிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆய்வின் பிழைகள் எல்லாம் அநேகமாக ஒரே திசையில், எண்ணைக் குறைக்கும் திசையில் இருக்கின்றன.

அப்புறம் அந்தத் தசமப் புள்ளி. 23 பேரை வைத்துக் கணக்கிட்ட விகிதத்துக்கு அவர்களே கொடுத்த 95 சதவீத நம்பக இடைவெளி 29.4 முதல் 66.6 வரை. அதாவது தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்தாலே உண்மை விகிதம் 30ஆகவும் இருக்கலாம், 66ஆகவும் இருக்கலாம். ஹரியானாவின் 42.8ஐயும் பஞ்சாபின் 44.3ஐயும் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, பத்துப் பதினைந்து வருடத்தில் நோய் கூடவில்லை" என்று வாதாடுகிறவர்கள் இந்த இடைவெளியை ஒருமுறை பார்க்க வேண்டும். நோய் ஒன்றரை மடங்கு ஆகியிருந்தாலும் இந்த இரண்டு எண்களால் அதைக் காட்டிக்கொடுக்க முடியாது.

இரண்டாம் வருகையும் அந்த 3 பேரும்

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். ஒரு வருடம் கழித்து அதே பகுதிகளில் 49,834 பேரைப் பார்த்தார்கள். புதிதாக 3 பேர். ஆகவே வருடத்துக்கு லட்சத்துக்கு 6.02 புதிய நோயாளிகள், நம்பக இடைவெளி 1.2 முதல் 17.6 வரை. ஆசியாவிலேயே இவ்வளவு அதிகமா என்று அப்போது பலரும் திரும்பிப் பார்த்த எண் இது.

சரி, இப்போது இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம். ஒரு நோய் நிலையாக இருந்துவரும் ஊரில், இன்றைய தேதிக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது, வருடத்துக்கு எத்தனை பேருக்குப் புதிதாக வருகிறது என்பதை, வந்தால் எத்தனை வருடம் இருக்கும் என்பதால் பெருக்கினால் கிடைக்கும். 44.3ஐ 6.02ஆல் வகுத்தால் 7.4 வருடம். கொலைடிஸ் 7 வருடத்தில் போய்விடும் நோயா? இல்லை. முப்பதை ஒட்டி வந்து ஆயுள் முழுக்க இருக்கும் நோய், ஆயுளையும் பெரிதாகக் குறைப்பதில்லை. குறைந்தது 30 வருடம் என்று வைத்தாலும், வருடத்துக்கு 6 பேர் வீதம் வந்துகொண்டிருந்தால் மொத்தம் 180 பேர் சேர்ந்திருக்க வேண்டும். கையில் இருப்பதோ 44.

எங்கோ இடிக்கிறது. எங்கே?

முதல் சந்தேகம் அந்த 3. மூவரில் ஒருவர் முதல் வருகையிலேயே நோயோடு இருந்தும் கணக்கில் விடுபட்டவர் என்றால், விகிதம் 4க்கு இறங்கிவிடும். இன்னும் ஒருவர் கூடுதலாக அகப்பட்டிருந்தால் 8க்கு ஏறிவிடும். ஒரே ஒரு ஆள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு மாறுகிற எண்ணை வைத்துக்கொண்டு ஊரோடு ஊரை ஒப்பிடுவது ஆபத்து. 30 வருடக் கணக்குக்கும் 44.3க்கும் பொருந்த வேண்டுமானால் புதிய நோயாளிகள் வருடத்துக்கு 1.5 பேர் போதும். அது அவர்கள் கொடுத்த இடைவெளிக்கு உள்ளேதான் இருக்கிறது. கணக்கு முரண்படவில்லை, ஆனால் 6.02 என்ற நடு எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டால் முரண்படும்.

இரண்டாவது, முதல் வருகையில் தவறவிட்டவர்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கதவைத் தட்டினால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். முன்பு எப்போதாவது இருந்ததா என்று தோண்டிக் கேட்டால் ஒழிய அவர் கணக்கில் வரமாட்டார். அடுத்த வருடம் நோய் பொங்கியிருக்கும்போது போனால் அவரே புதிய நோயாளியாகத் தெரிவார். இது ஒரே அடியில் பழைய எண்ணைக் குறைத்து, புதிய எண்ணைக் கூட்டிவிடும். வேறு எதையும் சேர்க்காமல் இது ஒன்றை வைத்தே அந்த முரணில் பெரும்பகுதியை விளக்கிவிடலாம்.

மூன்றாவது, நோய் உண்மையிலேயே அப்போதுதான் கூட ஆரம்பித்திருக்கலாம். புதியவர்கள் வேகமாகச் சேர்கிறார்கள், ஆனால் மொத்தம் சேர்வதற்கு இன்னும் காலம் ஆகவில்லை. கனடாவின் கில்பர்ட் கப்லான் போன்றவர்கள் உலக நாடுகளை இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: முதலில் நோய் தலைகாட்டும், பிறகு புதிய நோயாளிகள் வேகமெடுப்பார்கள், பிறகு வேகம் குறைந்தாலும் யாரும் குணமாகிப் போகாததால் மொத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தியா இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் 3 பேரை வைத்து அதை நிறுவ முடியாது. என்னைக் கேட்டால் முதல் இரண்டு காரணங்களுக்கே அதிக எடை கொடுப்பேன்.

இன்னொரு சின்ன விஷயம். இரண்டாம் வருகையில் 2,076 பேர் குறைகிறார்கள், நூற்றுக்கு நாலு. வீடு மாறியவர், வேலைக்கு வெளியூர் போனவர், அன்று கதவு பூட்டியிருந்தவர் என்று இருப்பார்கள். கணக்கெடுப்பில் இது மிகக் குறைவான இழப்பு. ஒரு வருடம் கழித்து ஐம்பதாயிரம் பேரைத் திரும்பத் தேடிப் பிடிப்பது எவ்வளவு அலைச்சல் என்று களப்பணி செய்தவர்களுக்குத் தெரியும். அந்த உழைப்பை மதித்துத்தான் இவ்வளவு கேள்வியும் கேட்கிறேன்.

கொழும்பில் வேறு மாதிரி எண்ணினார்கள்

அதே நோய், வேறு முறை. இலங்கையில் கொழும்பு, கம்பகா ஆகிய இரண்டு மாவட்டங்களில் மருத்துவமனைகள் வழியாக எண்ணிய ஆய்வு 2010இல் வந்தது. 295 நோயாளிகள் கிடைத்தார்கள், அதில் 240 பேர் அல்சரேட்டிவ் கொலைடிஸ், 55 பேர் குரோன். விகிதம் கொலைடிஸுக்கு லட்சத்துக்கு 5.3, குரோனுக்கு 1.2.

பஞ்சாபில் 44.3, கொழும்பில் 5.3. எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதைப் பார்த்ததும் உணவு, கோதுமை, அரிசி, தேங்காய், மிளகாய், மரபணு என்று காரணம் தேடக் கிளம்பிவிடத் தோன்றும். அதற்கு முன் முறையைப் பாருங்கள். ஓரிடத்தில் நோயைத் தேடி வீட்டுக்குப் போனார்கள், இன்னோரிடத்தில் நோய் தேடி வந்ததை எண்ணினார்கள். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர், ஆயுர்வேதத்துக்குப் போனவர், மூலம் என்று நினைத்துச் சும்மா இருப்பவர் எல்லாரும் இரண்டாவது வகைக் கணக்கில் விடுபட்டுவிடுவார்கள். இரண்டு ஊருக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. எட்டு மடங்கில் முறை எவ்வளவு, நோய் எவ்வளவு என்று பிரிக்க இந்த இரண்டு ஆய்வுகளால் முடியாது என்கிறேன். இலங்கை ஆய்வாளர்கள் இதை மறைக்கவும் இல்லை, மருத்துவமனை சார்ந்த கணக்கு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கொழும்பு ஆய்வில் நோயாளிகள் அதிகம் என்பதால் நம்பக இடைவெளி மிகக் குறுகல். பஞ்சாபில் 23 பேர்தான் என்பதால் அகலம். புள்ளியியலை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்குக் கொழும்பு எண் உறுதியானது, பஞ்சாப் எண் தள்ளாடுவது. ஆனால் அந்த இடைவெளி தற்செயலை மட்டும்தான் அளக்கிறது, மருத்துவமனைக்கே வராதவரை அது அளக்காது. உண்மைக்கு எது பக்கம் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் அகலமான எண்ணின் பக்கம்தான் கட்டுவேன்.

மருத்துவமனைக் கணக்கே மோசம் என்றும் சொல்லிவிடக் கூடாது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் சார்லஸ் பெர்ன்ஸ்டைன் குழு யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே அரசு மருத்துவக் காப்பீடு, ஒவ்வொரு டாக்டர் சந்திப்பும் நோய்க் குறியீட்டோடு பதிவாகும். ஒருவர் குறைந்தது 5 தடவை குடல் அழற்சி நோய் என்ற குறியீட்டோடு டாக்டரைப் பார்த்திருந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலோ அவரை நோயாளியாக எடுத்துக்கொண்டார்கள் (மாகாணத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 3 தடவை போதும்). இந்த விதி சரிதானா என்று நோயாளிகளிடமும் அவர்களின் மருத்துவக் கோப்புகளிலும் சரிபார்த்தார்கள். 1994ஆம் ஆண்டுக் கணக்கில் குரோன் லட்சத்துக்கு 198.5, கொலைடிஸ் 169.7 என்று வந்தது. நோய் வந்தவர் கையை விட்டுப் பணம் போகாமல் டாக்டரிடம் போவார், போனது பதிவாகும் என்ற இரண்டும் உறுதியாக இருக்கும் ஊரில்தான் இந்த முறை வேலை செய்யும். நம் ஊர்க் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. கொலைடிஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் புறநோயாளியாகவே மாத்திரை வாங்கிப் போகிறவர்கள். அந்தத் தரவில் தேடினால் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

லெஸ்டர் சொன்னது

பஞ்சாப் எண்ணைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது, அது இங்கிலாந்தில். லெஸ்டர் நகரத்துக்குக் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் பெருமளவில் குடியேறினார்கள், பலர் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக. புரோபர்ட், ஜெயந்தி, மேபெரி முதலானோர் அங்கே எண்ணி 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில் அல்சரேட்டிவ் கொலைடிஸ் ஐரோப்பியர்களில் லட்சத்துக்கு 91, தெற்காசியர்களில் 135. புதிய நோயாளிகள் வருடத்துக்கு ஐரோப்பியர்களில் 5.3, இந்துக்களில் 10.8, சீக்கியர்களில் 16.5. (இதில் பெயர் வரும் வி. ஜெயந்தி பின்னாளில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல்நோய்த் துறையில் இருந்தவர்.) மேற்கத்திய நோய் என்று பெயர் வாங்கிய ஒன்று, மேற்கத்தியர்களைவிட அங்கே போன நம்மவர்களை அதிகம் பிடித்திருக்கிறது.

சீக்கியர்களின் 16.5, பஞ்சாப் ஆய்வின் இடைவெளியான 1.2 முதல் 17.6க்கு உள்ளேயே இருக்கிறது. ஆகவே லெஸ்டருக்குப் போனதால் நோய் கூடியதா, இங்கேயே அவ்வளவு இருந்து நம் கண்ணில் படவில்லையா என்பதற்கு இந்த எண்கள் பதில் சொல்லாது. புதிய ஊரின் சாப்பாடு, சிறு வயது ஆன்டிபயாட்டிக், சுத்தமான சூழல் என்று காரணம் சொல்லும் கோட்பாடுகள் எல்லாம் போனதால்தான் கூடியது என்பதை நம்பித்தான் நிற்கின்றன. பின்னர் ஆசிய பசிபிக் நாடுகள் சேர்ந்து ஒரே முறையில் புதிய நோயாளிகளை எண்ணிய ஆய்வில் ஹைதராபாதும் சேர்ந்தது. அங்கே குரோனும் கொலைடிஸும் சேர்த்து லட்சத்துக்கு 9.3 என்று வந்து, ஆசிய இடங்களிலேயே அதுதான் அதிகமாக இருந்தது. பஞ்சாபின் 6.02ஐ நம்ப முடியாத அளவுக்கு அதிகம் என்று ஒதுக்கியவர்களுக்கு இது ஒரு பதில்தான்.

இன்று செய்தால்

1999இல் பரவலாக இல்லாத ஒரு வசதி இன்று இருக்கிறது. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கலாம். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்களில் இருந்து அது வெளிவரும், அழற்சி இல்லாத வெறும் குடல் எரிச்சல் நோயில் (ஐபிஎஸ்) பெரும்பாலும் ஏறாது. கேள்விக்கும் குழாய்ப் பரிசோதனைக்கும் நடுவில் இதை வைத்தால் முதல் கேள்வியைத் தளர்த்தலாம். "எப்போதாவது ரத்தம் பார்த்தீர்களா" என்று அகலமாகக் கேட்டு ஆயிரம் பேரைச் சேர்த்தாலும், ஒரு டப்பாவில் மலம் வாங்கிப் பரிசோதித்து, மறைப்பவர்கள், தயங்குகிறவர்கள் எல்லோரிடமும் சங்கடமில்லாமல் நோயைத் தேடலாம். கிருமித் தொற்றிலும் வலி மாத்திரை சாப்பிட்டாலும் அது ஏறும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கேள்வியை ஆளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், பெண்களிடம் பெண்கள் கேட்க வேண்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், ஆனால் பலனில் பாதி இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வீடு வீடாகப் போக முடியாத இடத்தில் இரண்டு தனித்தனிப் பட்டியல்களைச் சேர்த்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, ஒரு மாவட்டத்தில் பயாப்சி ஆய்வகங்களின் பட்டியலில் 200 பேர், கொலைடிஸ் மருந்தான மெசலமைன் விற்கும் மருந்துக்கடைகளின் பட்டியலில் 150 பேர், இரண்டிலும் இருப்பவர் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். 200ஐ 150ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 500. அதாவது இரண்டு பட்டியலிலும் வராத 210 பேர் இருக்கிறார்கள் என்ற மதிப்பீடு. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, நடைமுறையில் அது முழுதாகக் கிடைக்காது. இருந்தாலும் ஒற்றைப் பட்டியலை நம்புவதைவிட மேல்.

44.3ஐ இந்திய மக்கள்தொகையால் பெருக்கி இவ்வளவு லட்சம் நோயாளிகள் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பஞ்சாபின் சில பகுதிகளில் கிடைத்த 23 பேர் கேரளத்துக்கோ அசாமுக்கோ சாட்சி சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாவட்ட அளவில் ஏற்பாடு செய்ய ஏதாவது ஓர் எண் வேண்டும்தானே. 20 லட்சம் பேர் உள்ள ஒரு மாவட்டத்தை எடுங்கள். பஞ்சாப் விகிதத்தில் 886 கொலைடிஸ் நோயாளிகள், இடைவெளியின் கீழ் எல்லையில் 588, மேல் எல்லையில் 1,332. கொழும்பு விகிதத்தில் 106. பெருங்குடலில் பரவிய நோய் வந்து 8 வருடம் ஆனவர்களுக்குப் புற்றுநோய் வருகிறதா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் கொலோனோஸ்கோப்பி செய்தாக வேண்டும். 106 பேருக்கு என்று திட்டமிட்டால் இருக்கும் கருவியும் டாக்டரும் போதும். 588 என்றால்கூட அந்த மாவட்டத்தில் இன்னொரு ஸ்கோப், அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆள், பயாப்சியைப் படிக்கத் தெரிந்த நோய்க்குறியியல் டாக்டர் மூன்றும் வேண்டும், அதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் என்று வருகிறவருக்கு மூன்றாம் தடவையாக மெட்ரோனிடசோல் எழுதாமல் மேலே அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.